ஆள் தாங்கும் சூடு

காலை ஐந்தரைக்கே தாரணியின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. வெளியே ஒயிட்ஃபீல்டில் மார்கழிப் பனி. டேட்டா சென்டருக்கு உள்ளே, கம்ப்யூட்டர் சர்வர்களை அடுக்கிய ரேக்குகளின் பின்பக்கம் ஓடும் குறுகிய சந்தில் நூற்றுக்கணக்கான சின்ன விசிறிகள் கொதிகாற்றைத் துப்பிக்கொண்டிருந்தன. தரையில் குப்புறப் படுத்து, ரேக்குக்கு அடியில் கையை விட்டு, கட்டைவிரல் பருமனான பவர் கேபிளை இழுத்தாள். கேபிளின் மேல்தோல் கையுறையையும் மீறிச் சுட்டது. எதிரே மண்டியிட்டு அதை வாங்கிக் கட்டியவர் டெரிக். காக்ஸ் டவுன்காரர். இந்த வேலையில் பதினைந்து வருஷம் தேறியவர்.

அந்தப் புது சர்வர்கள் வந்து ஆறு மாதம் ஆகிறது. பழைய மூன்று ரேக்குகளின் வேலையை ஒரே ரேக் செய்துவிடும், கரண்டும் பாதிதான் என்றார்கள். சூட்டையும் தாங்கும் என்பதால் ஏசியைக் குறைத்தார்கள். மின்சாரத்தை மிச்சம் பிடித்ததற்கு வரவேற்பறையில் ஒரு கேடயம் வந்து உட்கார்ந்தது. வேலைக்கு ஆள் கொடுத்த கான்ட்ராக்ட் கம்பெனியோ ரேக் குறைந்துவிட்டதென்று எட்டுப் பேரில் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பியது. மிஞ்சிய ஐந்து பேரும் அந்தச் சந்தில் கிடந்து வெந்தார்கள்.

சந்தின் முனையில் சூடு காட்டும் சிறு பெட்டி ஒன்று இருந்தது. போன வாரம் வரை அதில் நாற்பத்துமூன்று, நாற்பத்துநான்கு டிகிரி என்று எண் ஓடும். திங்கட்கிழமையிலிருந்து முப்பத்தொன்றைத் தாண்டவில்லை. தாரணிக்கு அன்றே சந்தேகம். உடம்பு ஒன்று சொல்கிறது, பெட்டி ஒன்று சொல்கிறதே என்று டெரிக்கிடம் கேட்டாள்.

"அதுவும் நம்மள மாதிரி கான்ட்ராக்ட்தாம்மா. சொன்னதத்தான் காட்டும்" என்று அவர் சிரித்தார்.

இரண்டு நாள் கழித்து, இந்தப் புதன்கிழமை, கேபிளைக் கட்டிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. டெரிக் ரேக்கில் சாய்ந்து சரிந்தார். தொட்டால் தோல் காய்ந்து கொதித்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. உடனிருந்த உத்தமனும் ரகுவும் அவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். துப்புரவு வேலை செய்யும் சந்திரம்மா குடிதண்ணீர் கேனையே கவிழ்த்துத் துணியை நனைத்து அவர் மார்பில் போட்டாள். ஆம்புலன்ஸ் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று.

பத்து மணிக்குக் கான்ட்ராக்ட் கம்பெனியின் மேனேஜர் அஷ்வத் மற்ற நால்வரையும் அறைக்குக் கூப்பிட்டான். மேஜையில் ஒரு தாள். டெரிக் முந்தின நாள் குடித்திருந்தார், சாப்பிடாமல் வேலைக்கு வந்தார் என்று அதில் டைப் செய்திருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னான்.

டெரிக் குடித்து அவள் பார்த்ததே இல்லை என்றாள் தாரணி. ராத்திரியில் யார் என்ன செய்கிறார்கள் என்று உனக்குத் தெரியுமா என்றான் அவன். பிறகு குரலைத் தணித்துக்கொண்டான்.

"உள்ள முப்பத்தொண்ணுதான். ரெக்கார்டு இருக்கு. நாப்பத்தஞ்சே ஆனாலும் இந்த சர்வர் தாங்கும். செஞ்ச கம்பெனியே எழுதிக் குடுத்திருக்கு."

"மெஷின் தாங்குறத எழுதியிருக்காங்க சார். ஆளு எவ்ளோ தாங்கும்னு எங்க எழுதியிருக்கு?"

அஷ்வத் தாளை அவர்கள் பக்கம் தள்ளினான். சாயங்காலத்துக்குள் கையெழுத்து வரவேண்டும், வராவிட்டால் நாளைக்கு வேறு ஆள் வரும் என்றான்.

கேன்டீனில் நால்வரும் தலையைச் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது சந்திரம்மா வந்தாள். தாரணி சட்டென்று பேச்சை நிறுத்தினாள். சனிக்கிழமை இவள் அஷ்வத்தின் அறையிலிருந்து தலையைக் குனிந்தபடி வெளியே வந்ததை அவள் பார்த்திருந்தாள். அன்றிலிருந்தே மனசில் ஒரு முள்.

சந்திரம்மா போகாமல் அங்கேயே நின்றாள்.

"என்ன பாத்துதான் வாய மூடுறீங்க, தெரியுது. சனிக்கிழமை அஷ்வத் சார் ஏணி புடின்னாரு, புடிச்சேன். அந்தப் பெட்டிக்குப் போற, சூடு பாக்குற ஒயர எடுத்து, முன்பக்கம் ஏசி காத்து வர்ற எடத்துல ஒட்டிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. கெலசம் போயிடும், வேற வேல கெடைக்காதுன்னு பயந்துட்டேன். அந்தண்ணா விழுந்தத பாத்தப்புறம் சோறு எறங்கல."

உத்தமன் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான். ஒயர் அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. போனில் படம் எடுத்திருந்தான்.

தாரணியால் சந்திரம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சந்தேகப்பட்டதை ஒளிக்காமல் சொன்னாள்.

"இத எல்லார் முன்னாடியும் சொல்லுவீங்களா அக்கா?"

"ஒருத்தியா நின்னு சொல்லமாட்டேன். நீங்க பக்கத்துல நின்னா சொல்றேன்."

அன்று யாரும் கையெழுத்துப் போடவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டெரிக் கண் திறந்திருந்தார். சூட்டில் அடிபட்ட சிறுநீரகத்தைப் பற்றி டாக்டர் இன்னும் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. திரும்பும் பஸ்ஸில் முடிவு செய்தார்கள்: ஒயர் பழைய இடத்துக்கு வரவேண்டும், ஏசியைக் கூட்டவேண்டும், டெரிக்கின் மருத்துவச் செலவைக் கம்பெனி ஏற்கவேண்டும். அதுவரை உள்ளே கால் வைப்பதில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு நால்வரும் வாசல் நடைபாதையில் உட்கார்ந்தார்கள். சந்திரம்மா தன்னோடு வேலை செய்யும் மூன்று பெண்களையும் கூட்டி வந்திருந்தாள். கேட்டுக்குள் அஷ்வத் போனைக் காதில் வைத்தபடி உலாத்தினான்.

ஆறு மணிக்கு ஒரு வேன் வந்தது. இவர்களுக்குப் பதிலாக, கம்பெனியின் வேறு சைட்டிலிருந்து ஆறு பேர். அவர்கள் இவர்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே போய்விடுவார்கள் என்றே தாரணிக்குத் தோன்றியது. இருந்தாலும் எழுந்து போனாள். நடந்ததைச் சொன்னாள். சந்திரம்மா, ஏணி பிடித்தது நான்தான் என்றாள். இரண்டு பக்கமும் பெண்கள் நின்றிருந்தார்கள். உத்தமன் படத்தைக் காட்டினான்.

வேனில் மூத்தவரான ராஜேஷ்குமார் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"எங்க சைட்டுக்கும் அடுத்த மாசம் இதே ரேக்குதான் வருது" என்றார்.

கேட்டிலிருந்து அஷ்வத் அவர்களை உள்ளே வரச்சொல்லிக் கூப்பிட்டான். ராஜேஷ்குமார் வேனுக்குள் திரும்பி ஏதோ பேசினார். தாரணிக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. பிறகு ஆறு பேரும் டூல் பைகளை இருக்கையிலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள்.

சந்திரம்மா நடைபாதையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அவர்களுக்கு இடம் விட்டாள்.