இருநூறு அடியில்

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்கள் கேசரி சாப்பிட்டு முடித்ததும், ஜெயபுஷ்பம் மகனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டாள். திரையில் பிளேனை ஓட்டித் தரையில் இறக்கிக் காட்ட வேண்டுமாம். மற்ற வீடுகளில் பிள்ளைகளைப் பாட்டுப் பாடச் சொல்வார்கள்; ஜெஸ்டனின் தலையெழுத்து இது. பெண்ணின் அப்பா ஜார்ஜ் வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முறைப்படி பெண் வரக் கூடாது. ஜெமி பிடிவாதம் பிடித்து வேலூரிலிருந்து கூடவே வந்திருந்தாள்.

ஆம்பூர் சபையில் இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் 'நம்ம பைலட் தம்பிக்காக' ஜெபம் நடக்கிறது. அவன் சென்னைக்குப் படிக்கப் போன வாரமே ஜெயபுஷ்பம் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்து, மகன் பைலட் ஆகிவிட்டான் என்று சாட்சி சொல்லிவிட்டாள். நடந்துவிட்டதாகவே அறிக்கையிட்டால் நடந்துவிடுமாம். விசுவாசமாம். அடப் பாவமே, அந்த விசுவாசத்தைத் தலையில் சுமந்துகொண்டு எவன் நிதானமாக ஓட்டுவான்?

திரையில் இரண்டு ஊசிகள். ஒன்று இடம் வலம் காட்டும், இன்னொன்று ஏற்ற இறக்கம் காட்டும். இரண்டையும் சிலுவை மாதிரி நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டே மேகத்துக்குள் இறங்க வேண்டும். இருநூறு அடியிலும் ஓடுபாதை கண்ணில் படாவிட்டால் மறுபேச்சில்லாமல் மேலே ஏறிவிட வேண்டும். அதில் வெட்கம் ஒன்றும் கிடையாது, சட்டமே அதுதான். சென்னையில் விமானப் பயிற்சிப் பள்ளியின் சிமுலேட்டர் தேர்வில் மூன்று முறையும் ஜெஸ்டன் ஏறவில்லை. சபையே முட்டி போட்டிருக்கும்போது வெறுங்கையோடு திரும்ப மனசு வரவில்லை. "உனக்குக் கை சரியா இருக்குது, மனசு சரியில்ல. ஊருக்குப் போய்டு" என்று அங்கிருந்த பயிற்சியாளர் அனுப்பிவிட்டார். வீட்டில் லீவு என்று சொல்லியிருக்கிறான்.

இன்றைக்குச் சொல்லிவிடுவதென்று இருந்தான். அதற்காகவே திரையில் அடர்ந்த மேகத்தை வைத்தான். கீழே ஒன்றும் தெரியாது. மேலே ஏற்றிவிட்டு, 'என்னால இறக்க முடியல, அங்கயும் ஃபெயிலாயிட்டேன், அனுப்பிட்டாங்க' என்று நாலு பேர் முன்னால் போட்டு உடைத்துவிடலாம். ஒரு பெண்ணை ஏமாற்றின பாவமாவது மிஞ்சாது.

இருநூறு அடி. வெறும் வெள்ளை.

"இன்னாடா யோசிக்கிற? இறக்குடா. மாமா பாத்துக்குனு இருக்காரு இல்ல" என்றாள் ஜெயபுஷ்பம்.

"கர்த்தர் கூட இருக்காரு தம்பி, பயப்படாதீங்க" என்றார் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சபைப் போதகர்.

பாழாய்ப்போன கை ஏற்றவில்லை. எண்பது அடியில் விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன. சக்கரம் தரையைத் தொட்டது. ஜார்ஜ் வாத்தியார் கைதட்டினார்.

ஜெமி மட்டும் கேட்டாள். "கீழ ஒண்ணுமே தெரியலையே, எப்டி இறக்குனீங்க?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

"பழக்கம்தான்" என்றான்.

"அப்ப நிச்சயத்துக்கு நாள் குறிச்சிடலாம். ஜெபம் பண்ணுவோம்" என்று போதகர் எழுந்தார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஜெயபுஷ்பம் சந்தோஷத்தில் அழுதாள். ஸ்பீக்கரில் இன்ஜின் இரைந்துகொண்டேயிருக்க, போதகர் குரலை உயர்த்தினார். அணைக்கலாமென்று கையை நீட்டியவன் பக்கத்தில் பார்த்தான். ஜெமி முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்மூடி நின்றிருந்தாள். அவள் உதடுகள் சத்தமில்லாமல் அவன் பெயரைச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தன.