எருமைத்தோல் பரிசல்

1927 ஐப்பசியில், பாலாற்றில் தண்ணீர் வந்த மறுநாள் காலை, அமிர்தவள்ளி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஒரு கூடைக்குள் ஏறி உட்கார்ந்தாள்.

கூடை என்றால் தானியேலுக்குக் கோபம் வரும்.

"பரிசல்னு சொல்லு."

"கோழி அடைகாத்த வரைக்கும் கூடைதானே?"

அது உண்மைதான். தண்ணீர் வரட்டும் என்று ஆவணி முதல் அது ராணிப்பேட்டையில் அவர்கள் வீட்டு வாசலில் காத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கோழி அதற்குள் முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சும் பொரித்துவிட்டது. தெருவே சிரித்தது. டேனரியில் தோல் சீவுகிறவன் படகோட்டப் புறப்பட்டானாம் என்று வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். தானியேல் குஞ்சுகளை எடுத்து வெளியே விட்டுவிட்டுத் தோலுக்கு இன்னொரு கை எண்ணெய் தடவினான்.

எல்லாம் அமிர்தவள்ளி சொன்ன ஒரு சொல்லால் வந்தது.

அவள் பிறந்தது புதுத்தாங்கல் சேரி. பாலாற்று அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகிற கால்வாயின் கரையில் இருக்கிறது. வண்டிப்பாதை ஊர்த்தெரு வழியாகத்தான் சேரிக்குப் போகும். சேரிக்காரர்கள் அந்தத் தெருவில் வண்டியில் உட்கார்ந்து போகக்கூடாது. நடக்கலாம், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு. நல்ல துணி உடுத்திய கல்யாணக் கும்பல் என்றால் அதுவும் கிடையாது. தெரு முனையிலேயே இறங்கி வயலைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். ஐப்பசியில் வயல் என்பது முழங்கால் சேறு.

தன் கல்யாணத்தன்று அமிர்தவள்ளி அந்தச் சேற்றில் நடந்தாள். ஒரு கால் கொலுசு அதிலேயே போயிற்று. தெருவைத் தாண்டி மறுபடி வண்டி ஏறும்போது இடுப்புக்குக் கீழே புடவையின் நிறம் தெரியவில்லை.

இப்போது தங்கை சுந்தரிக்குக் கல்யாணம். சேரியிலுள்ள சின்ன வேதக்கோவிலில், சாயங்காலம்.

"நான் சேத்துல கால் வைக்க மாட்டேன்" என்று அவள் தானியேலிடம் சொன்னாள். "செருப்பத் தூக்கினு அந்தத் தெருவுல நடக்கவும் மாட்டேன். வேற வழி இருந்தா சொல்லு, வர்றேன். இல்லேன்னா நீ மட்டும் போய்ட்டு வா."

"கூடப் பொறந்தவ கல்யாணம்டி."

"அதனாலதான் சொல்றேன்."

சொல்லிவிட்டாள். இடுப்பில் தூக்கி வளர்த்த பெண் சுந்தரி. கோவில் வாசலில் நின்று அக்கா வந்தாளா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்கவும் மனம் வரவில்லை.

வழி சொன்னது கவுஸ் பாஷா. டேனரியில் தோலைத் தரம் பிரிக்கிறவர். தோல் வாங்க ஹோஸ்பெட் வரை போய் வருவார்.

"அங்க துங்கபத்ரா ஆத்துல ஜனங்க தோல் கூடையில போறாங்க, வர்றாங்க" என்றார். "மூங்கில் கூடை. மேல எருமைத்தோல். ஆடு மாடெல்லாம் ஏத்துறான். உங்க கால்வாய் இன்னா, துங்கபத்ராவா? முங்கினாலும் மார்புத் தண்ணி."

தானியேல் சீவுகிற கத்தியைக் கீழே வைத்தான். புதுத்தாங்கல் ஊர்த்தெருவின் ஓரமாகப் போகிற கால்வாய், வளைந்து சேரியின் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. கால்வாய் சர்க்காருடையது. ஊர்ப் படித்துறைத் தண்ணீரில் சேரிக்காரன் இறங்கக்கூடாது என்று ஊர் சொல்லியிருந்தது. மேலே மிதக்கக்கூடாது என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

கத்தி பட்டுக் கழித்த இரண்டு எருமைத்தோல்களைக் கவுஸ் பாஷா மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தார். "முடியோட, பச்சையா அப்படியே போத்திக் கட்டுடா. அங்க அப்படித்தான் கட்டுறான்."

தானியேலுக்கு அது பிடிக்கவில்லை. "பச்சைத் தோல்லயா? ராணிப்பேட்டைக்காரன் முடியோட இருக்கிற தோல்ல ஏறி மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போனான்னு நாலு பேர் சிரிக்கவா பாய்?"

சுண்ணாம்பில் ஊறவைத்தான். முடி நீக்கினான். சதை சீவினான். ஆவாரம்பட்டைத் தொட்டியில் போட்டு எடுத்தான். மறுபடி சீவினான், மெழுகு போல வரும்வரை. கவுஸ் பாஷா விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"இதைத் தண்ணில போடப் போறியா? லண்டனுக்கு அனுப்பணும்டா இதை."

தன்னுடைய கல்யாணக் கோட்டையும் கறுப்புக் குடையையும் அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது அந்தக் கோட்டுக்குள் தானியேல் நின்றுகொண்டிருந்தான். கையில் மூங்கில் கழி. அணைக்கட்டில் மதகு திறந்திருந்தது. கால்வாயில் செம்மண் நிறத்தில் தண்ணீர் கரைமட்டம் போய்க்கொண்டிருந்தது. அமிர்தவள்ளியின் மடியில் அதிரசத் தூக்கு. பக்கத்தில் சுந்தரிக்கு வாங்கிய பித்தளைச் சொம்பு. செருப்புக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

கழியை ஊன்றித் தள்ளினான். பரிசல் நகர்ந்தது. பிறகு சுற்றியது.

"இன்னாய்யா இது, ராட்டினமா?"

"சும்மா இரு. பழகிடும்."

பழகவில்லை. அது சுற்றிக்கொண்டே போயிற்று. ஒரே பனைமரத்தை அவள் வரும்போது ஒருமுறை, போகும்போது ஒருமுறை பார்த்தாள். தூரத்தில் மலை தோளுக்குப் பின்னால் போய், மறுபடி மூக்குக்கு நேராக வந்தது. முதலில் விளிம்பை இறுகப் பிடித்திருந்தவள், கொஞ்ச தூரம் போனதும் கையை விட்டாள். தண்ணீர் அவளைச் சுமந்துகொண்டு போயிற்று. வேறொருவர் உழைப்பில்லாமல், தன் கால் நோகாமல், ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போவது இதுதான் அவளுக்கு முதல் தடவை. வண்டி என்றால் மாட்டைப் பார்த்துப் பாவமாக இருக்கும். இங்கே பாவப்பட யாரும் இல்லை, தானியேலைத் தவிர. அவன் வேர்த்துக் கொட்டிக்கொண்டு ஒவ்வொரு கரையாகக் குத்தித் தள்ளிக்கொண்டிருந்தான்.

கரையில் துணி துவைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தண்ணீரில் கிடந்த எருமை ஒன்று பரிசலை வெகுநேரம் பார்த்தது.

"உன் சொந்தக்காரன் போறான் பாரு" என்று தானியேல் எருமையிடம் சொன்னான்.

அமிர்தவள்ளி சிரித்தாள். சிரித்ததில் ஒரு அதிரசத்தை எடுத்து அவன் வாயில் ஊட்டினாள். தானும் ஒன்று தின்றாள்.

தண்ணீர் ஆள் உயரம் விழுகிற ஒரு கலிங்கு வந்தது. அங்கே மதகைக் காக்கிற லஸ்கர் சின்னசாமி, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தான்.

"ஏய், நிறுத்து, நிறுத்து. இன்னாது இது?"

"பரிசல்."

"கால்வாய்ல வர்றதுக்குப் பெர்மிட் இருக்குதா?"

"கூடைக்கு இன்னாத்துக்குண்ணா பெர்மிட்?" என்றாள் அமிர்தவள்ளி.

தானியேல் அவளை முறைத்தான். சின்னசாமி பரிசலைச் சுற்றிப் பார்த்தான். அவனுக்குக் கிடைத்த உத்தரவுகளில் மாடு இறக்கக்கூடாது, மடை வெட்டக்கூடாது, மீன் பிடிக்க வலை கட்டக்கூடாது என்று இருந்தது. கூடையைப் பற்றி ஒன்றும் இல்லை.

"எங்க போறீங்க?"

"புதுத்தாங்கல் சேரி. தங்கச்சி கல்யாணம்."

சின்னசாமி இன்னும் கொஞ்சம் யோசித்தான். பிறகு பரிசலின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். இரண்டு ஆண்களுமாக அதைத் தூக்கிக் கலிங்குக்குக் கீழே இறக்கினார்கள்.

"ஜாஸ்தி கனக்குதே. தோல் ஊறிச்சா?"

"கனமான தோல்ணா. எருமை."

அமிர்தவள்ளி இரண்டு அதிரசத்தை இலையில் வைத்து நீட்டினாள். நீட்டிய பிறகுதான் வாங்குவானா என்ற யோசனை வந்தது. சின்னசாமி கரையின் இந்தப் பக்கம் பார்த்தான். அந்தப் பக்கம் பார்த்தான். வாங்கி இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு, போங்கள் என்று கையை வீசினான்.

கலிங்கு தாண்டி இரண்டு வளைவு போனதும் அவள் உட்கார்ந்த இடம் குளிர்ந்தது. புடவையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். தோலைக் கையால் அழுத்தினாள். விரல் சுற்றிலும் தண்ணீர் துளிர்த்தது. கிழிசல் எங்கும் இல்லை. தோல் முழுவதுமே வியர்ப்பது போல் இருந்தது.

"இந்தாய்யா. ஒன்னு கேக்குறேன். நல்ல தோல்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"ஒரு சொட்டுத் தண்ணி வுட்டுப் பாப்போம். சரியா பதம் ஆயிருந்தா உடனே குடிச்சிடும்."

"இது நல்லா பதம் ஆயிருக்குதா?"

"இன்னா இப்படிக் கேட்டுட்டே? தோல் மண்டியில இதைவிட..."

அவன் நிறுத்தினான். காலைப் பார்த்தான். பாதத்தைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது.

"பாய் பச்சையா போடச் சொன்னாரு" என்றான் மெதுவாக.

"சொன்னாருதானே."

"முடியோட."

"ஆமா."

"எண்ணெய் தடவினேன்டி. எவ்ளோ எண்ணெய்!"

அவளுக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவன் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஊரிலேயே நேர்த்தியான தோலின்மேல் நின்று மூழ்கிக்கொண்டிருந்தான். அவள் சுந்தரியின் சொம்பை எடுத்துத் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றத் தொடங்கினாள். மொள்ள மொள்ள ஊறியது. ஆனாலும் பரிசல் போய்க்கொண்டிருந்தது. முன்னைவிடத் தாழ்ந்து, மெதுவாக. கனம் கூடியதால் சுற்றுவது நின்றுவிட்டது.

"இப்பத்தான் நேரா போவுது" என்றாள்.

"பேஜார் பண்ணாதே. இன்னும் எவ்ளோ தூரம்?"

"ஊர்த்தெரு வரணும். அதைத் தாண்டி ஒரு வளைவு. அப்புறம் நம்ம சேரி."

"இங்கியே கரை தட்டிடலாமா?"

அவள் கரையைப் பார்த்தாள். கரைக்குப் பின்னால் வயல். வயல் முழுக்கச் சேறு.

"தள்ளுய்யா" என்றாள்.

அவன் தள்ளினான். அவள் மொண்டாள். தூக்கு மடியைவிட்டுத் தலைக்கு ஏறியது. தூறல் தொடங்கியதும் குடையை விரித்து ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். சேரிக் கோவிலின் மணி ஒருமுறை கேட்டது. ஒத்திகைக்கு அடிக்கிறார்கள். அவளுக்குச் சுந்தரியின் முகம் தெரிந்தது. இன்னும் வேகமாக மொண்டாள்.

ஊர்த்தெருவின் ஓட்டுக் கூரைகள் தெரிந்தன. பிறகு படித்துறை. பிறகு படியில் நின்ற ஆள்.

மணியக்காரர் கோதண்டராமன். அமிர்தவள்ளிக்கு அவரை நன்றாகத் தெரியும். அவள் கல்யாணத்தன்று வண்டியை மறித்து வயலைக் காட்டியவன் அவருடைய ஆள். அவருக்கு அவளைத் தெரியாது. அவள் முகத்தை அவர் ஒருமுறையும் பார்த்ததில்லை. பார்க்கும்படியான இடத்தில் அவள் நின்றதில்லை.

கால்வாய் இலாகாவின் அதிகாரிகளைத் தவிர அந்தத் தண்ணீரில் யாரும் படகில் வந்தது கிடையாது. மணியக்காரர் கோட்டைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். பட்டுப்புடவையைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"குனிஞ்சுக்கோ" என்றான் தானியேல், உதட்டை அசைக்காமல்.

அவள் குனியவில்லை. இன்னும் ஒரு வளைவு. விளிம்புக்கும் கால்வாய்க்கும் நாலு விரல்தான் இடைவெளி. தானியேல் கழியை ஊன்றிப் பலம் கொண்ட மட்டும் தள்ளினான். அந்தத் தள்ளலில் பரிசல் ஒரு பக்கம் சாய்ந்தது. கால்வாய் உள்ளே வந்தது. சாய்ந்தபடியே நகர்ந்து, படித்துறையின் கடைசிப் படியில் இடித்து நின்றது.

மணியக்காரர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, செருப்பை மேல்படியில் கழற்றிவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கினார். பரிசலின் விளிம்பை, ஊறிப்போன அந்தத் தோலை, இரண்டு கையாலும் பிடித்து அவள் பக்கம் தாழாதபடி நிறுத்தினார்.

தானியேல் அமிர்தவள்ளியைப் பார்த்தான். அவள் செருப்புக் காலைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு, தலையில் தூக்கும் கையில் சொம்புமாக உட்கார்ந்திருந்தாள்.

"ஒன்னும் பயப்படாதீங்கம்மா, புடிச்சிக்கினேன்" என்றார் மணியக்காரர். "இதோ எதிர்லதான் நம்ம வூடு. உள்ள வந்து ஈரத்தை மாத்தினு, கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாமே?"