வியாழக்கிழமைத் தூசி

பெண்ணுக்கு நல்ல வரன் கிடைத்துவிடும், நல்ல வாடகை வீடு கூடக் கிடைத்துவிடும். துப்புரவுக் கம்பெனிக்கு ஒரு நல்ல சூப்பர்வைசர் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. இதை நான் ஆரம்பித்தாலே என் வீட்டுக்காரர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார்.

வந்து வாய்த்தவர்களைச் சொல்கிறேன், கேளுங்கள். முதல் ஆள் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். அவர் நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை. அடுத்து, எங்களிடமே பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்த கெட்டிக்காரி ஒருத்தியை மேலே ஏற்றிவிட்டேன். இன்னொருத்தர் துடைத்தால் அவளுக்கு மனசு ஆறாது. மாப்பைப் பிடுங்கித் தானே துடைப்பாள். மற்றவர்கள் சுவரில் சாய்ந்துகொண்டு அவளை மேற்பார்வை பார்த்தார்கள். அப்புறம் நாத்தனார் தன் மகனை என் தலையில் கட்டினாள். அவன் ஃபோனும் காதுமாக மாடிப்படியிலேயே குடித்தனம் நடத்தினான். நடுவில் உருப்படியாக இரண்டு பேர் வந்ததும் உண்மை. அவர்களும் காரணம் சொல்லாமல் கம்பி நீட்டிவிட்டார்கள்.

"காரணம் சொன்னாங்களே" என்றார் வீட்டுக்காரர், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"என்ன சொன்னாங்க?"

"நாங்க பாத்து முடிச்சதுக்கப்புறம் அம்மா வந்து மறுபடியும் மொதல்லேருந்து பாக்குறாங்கன்னு."

பார்க்காமல்? கம்பெனி என்னுடையது. எங்களுக்குச் சோறு போடுவதே அந்த ஏழு மாடி அலுவலகக் கட்டடம்தான். வியாழக்கிழமை தோறும் அங்கே போவேன். ஆள்காட்டி விரலைக் கதவு மேலே, ஜன்னல் ஓரம், குழாய் அடியில் என்று ஓட்டிப் பார்ப்பேன். எங்கேயாவது அழுக்கு இருந்தே தீரும். இருந்தால் நாலு வார்த்தை கத்திவிட்டு வந்துவிடுவேன். இல்லாவிட்டால் என் கண்ணில் மண்ணைத் தூவுகிறார்கள் என்றுதானே அர்த்தம்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவேன். கிடைக்கும்வரை ஒருத்தரையும் வீட்டுக்கு விடமாட்டேன்.

அந்தக் கட்டடத்து மேலாளரம்மா அதிகம் பேசமாட்டார். போன வருஷம் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது பேசினார். "வரும்போதெல்லாம் ஒரு புது சூப்பர்வைசர். யார்கிட்ட என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. இன்னும் ஒரு தடவ முகம் மாறிச்சுன்னா நான் வேற கம்பெனியப் பாத்துக்குறேன்."

அந்தக் கட்டடம் போனால் கம்பெனிக்குப் பூட்டுதான்.

அப்போது வந்தவள்தான் கண்டக்டர். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவள். வேலையை விட்டும் பெயர் விடவில்லை. வந்த அன்றே ஆட்களை மாடிக்கு இத்தனை பேர் என்று பிரித்து ஏற்றி இறக்கினாள். குரல் உயர்த்தவே இல்லை. ஒரு வருஷமாக நிற்கிறாள். ஒரே ஒரு குறை: வாரம் ஒரு இடத்தைத் துடைக்காமல் விட்டுவிடுவாள். போய்ப் பத்து நிமிஷத்தில் என் விரலில் மாட்டிவிடும். கத்துவேன். "விட்டுப்போச்சும்மா" என்று தலையைக் குனிந்துகொள்வாள்.

"ஒரே ஒரு எடமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"ஒண்ணு போதாதா?"

எனக்கு வாய்த்ததெல்லாம் அப்படி. என் மருமகளையே எடுத்துக்கொள்ளுங்கள். குணத்தில் தங்கம். ஆனால் அவள் கட்டிக் கொடுக்கும் மதியச் சாப்பாட்டில் தினமும் உப்பு ஒரு சிட்டிகை குறையும். கூடவே ஒரு துண்டுக் காகிதத்தில் உப்பை மடித்து வைத்திருப்பாள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொட்டலம் மடிக்கத் தெரிந்தவளுக்கு அந்த உப்பைச் சட்டியில் போடத் தெரியாதா? தினமும் ஃபோன் போட்டுக் கேட்பேன். "மறந்துட்டேன் அத்தை" என்பாள். தன் டப்பாவில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்பார் வீட்டுக்காரர். அவர் நாக்கு செத்துப்போய் வெகு காலம் ஆகிறது.

இந்த வருஷக் கையெழுத்து நாளும் வியாழக்கிழமையாகவே அமைந்தது. பயத்தில் வழக்கத்தைவிடச் சீக்கிரமே போய்விட்டேன். மூன்றாம் மாடியில், முந்தின நாள்தான் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண் தனியாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னை அவள் பார்த்ததில்லை. மேஜை, அலமாரி எல்லாம் பளபளவென்று இருந்தன. தாழ மாட்டியிருந்த சுவர்க் கடிகாரத்தின் தலையில் மட்டும் சாம்பல் பூத்த மாதிரி தூசி. விரலைக் கொண்டுபோனேன்.

"அக்கா, அதத் தொடாதீங்க! அது முதலாளியம்மாவுக்கு."

"என்னது?"

"முதலாளியம்மாவுக்கு விட்டு வெச்சது. வியாழக்கெழமன்னா அந்தம்மா வருமாம். ஏதாச்சும் ஒரு அழுக்கு கண்ணுல பட்டாதான் அதுக்கு மனசு ஆறுமாம். படலேன்னா எல்லார் உசிரையும் வாங்குமாம். அதனால கண்டக்டரக்கா வாரத்துக்கு ஒரு எடம் விட்டு வெப்பாங்க. அந்தம்மா வரும், விரல் வெக்கும், கத்தும், போயிடும். போனதும் தொடச்சிடணுமாம்."

எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "ஏன், தரையில விட்டு வெக்கிறது?" என்றேன். அந்த நேரத்தில் அதை ஏன் கேட்டேனோ.

"அய்யய்யோ. அந்தம்மாவுக்கு முட்டி வலியாம். குனியக் கூடாது, எக்கக் கூடாது, நின்ன எடத்துலேருந்தே கை எட்டணும்னு கண்டக்டரக்கா கண்டிஷனா சொல்லிட்டாங்க."

அந்த ஒரு வருஷமும் நினைவுக்கு வந்தது. கதவுக் கைப்பிடி, நோட்டீஸ் போர்டு, ஸ்விட்ச் பெட்டியின் தலை. ஒரு நாள்கூட நான் குனியவில்லை. இந்த வயதில் என்னை வைத்து வேடிக்கை காட்டியிருக்கிறார்கள். கையெழுத்தாவது கட்டடமாவது, இன்றைக்கே சீட்டைக் கிழிக்கிறேன் என்று லிஃப்டில் இறங்கினேன்.

கீழே கண்டக்டர் பக்கத்தில் மேலாளரம்மா நின்றிருந்தார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஒரு வருஷமா ஒரே முகம்! எப்படிப் புடிச்சு வெச்சிருக்கீங்க?"

பல்லைக் காட்டினேன்.

"மூணாவது மாடியிலேருந்து ஆரம்பிக்கலாமா?" என்று அவர் லிஃப்ட் பக்கம் திரும்பினார். கண்டக்டரின் முகம் செத்துப்போயிற்று. எனக்காக வைத்த தூசி அவர் கண்ணில் படப்போகிறது. அவளால் வாய் திறந்து சொல்லவும் முடியாது, ஓடவும் முடியாது. இப்படி ஒரு முகத்தோடு நின்றவள் நாளைக்கு வேலைக்கு வரமாட்டாள். அது மட்டும் எனக்குச் சட்டென்று தெரிந்தது. என் கோபம் எங்கே போயிற்று என்றுதான் தெரியவில்லை.

"முதல்ல முதல் மாடியப் பாருங்க மேடம். கண்ணாடியெல்லாம் நேத்துதான் கழுவினோம்" என்று சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினேன். நேராகக் கடிகாரத்திடம் போய், முந்தானையால் அழுத்தித் துடைத்தேன்.

"அய்யோ அக்கா, என்ன பண்ணிட்டீங்க!" அந்தப் புதுப்பெண் அழாத குறை. "இப்ப அந்தம்மா வந்தா எதக் காட்டுறது?"

"அந்தம்மா வந்தாச்சு" என்றேன்.

அவள் கையிலிருந்த துணி வாளிக்குள் விழுந்தது.

"நீ சொன்னதும் நான் கேட்டதும் உனக்கும் எனக்கும்தான். கண்டக்டருக்குத் தெரியக் கூடாது. புரியுதா?"

தலையை ஆட்டினாள். வாய் திறந்தது திறந்தபடியே இருந்தது.

மேலாளரம்மா ஏழு மாடியும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் போனதும் கண்டக்டர் என்னிடம் மெதுவாக வந்தாள். கடிகாரம் சுத்தமாக இருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். யார் துடைத்தது என்று தெரியாது. இன்றைக்கு எனக்குக் கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை.

"நீங்க எல்லா எடமும் பாத்துட்டீங்களாம்மா?" என்று கேட்டாள்.

பிரமாதம், ஒரு குறையும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதை நம்புவாளா இவள்? அழுக்கு கிடைக்காமல் வெறுங்கையோடு போகிற முதலாளியம்மா இனி எந்த நேரத்தில் வந்து நிற்பாளோ என்று வீட்டில் தூங்காமல் கிடப்பாள்.

"பாத்தேன், பாத்தேன்! மூணாவது மாடியில கடிகாரத்து மேல அவ்ளோ தூசி. நானே என் முந்தானையால தொடச்சேன். இதுக்கா உங்களுக்கெல்லாம் சம்பளம்?" ஏழு மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன்.

அவள் தோள் இறங்கி உடம்பு லேசாயிற்று. "விட்டுப்போச்சும்மா. இனிமே பாத்துக்குறேன்."

கத்தின களைப்பில் பசித்தது. கீழே காவலாளியின் அறையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். மூடிக்கு அடியில் அந்தக் காகிதப் பொட்டலம் இருந்தது. நாலு மூலையும் ஒழுங்காக மடித்து, கை வைத்ததும் கிடைக்கிற இடத்தில்.

ஒரு வாய் எடுத்து வைத்தேன். சிட்டிகை உப்பு குறைவு. கையில் சோற்றோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இவளுமா?

வெகு நேரம் கழித்துக் கையைக் கழுவி ஃபோனை எடுத்தேன்.

"சொல்லுங்க அத்தை" என்றாள் மருமகள். காத்துக்கொண்டிருந்தவள் மாதிரி உடனே எடுத்தாள். அந்தப் பக்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது கேட்டது.

"இன்னைக்கும் உப்பு இல்ல" என்றேன்.

மூச்சு விட்டாள். "மறந்துட்டேன் அத்தை."