அரை ஏழு

என் பெயர் உக்கிரபாண்டி. பேரில்தான் உக்கிரம், ஜீப்பில் ஏறுகிற பெண்கள் அதட்டினால் அடங்கிப் போகிற ஆள். காலையில் சிலமலையிலிருந்து அவர்களை ஏற்றிப் போய்ப் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் இறக்குவதும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவதும் என் பிழைப்பு. மனைவி அனுசியா ஜெர்மனியில் நர்ஸ். நாலு வயதில் அவளோடு போன எங்கள் மகள் முத்துப்பிரியா இப்போது அங்கே மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நானும் போயிருப்பேன், அந்தப் பாஷைப் பரீட்சையில் தேறவில்லை. அவர்கள் இல்லாத வீட்டுக்குள் நுழைவது எனக்கு இன்னும் பழகவில்லை.

போன வாரம் மகள் கூப்பிட்டாள். வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேச வேண்டுமாம். அவள் ஏலக்காய் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

“மரத்துல தொங்கும்னு சொல்றாங்கப்பா. செடிக்கு அடியில, தரையோட காய்க்கும்னு சொன்னா யாரும் நம்பல. வெள்ளிக்கிழமை தோட்டத்துல நின்னு போன்ல காட்டுறீங்களா? உங்க ஊரு மணிக்கு அரை ஏழு.”

“காட்டுறேன் ஆத்தா.”

ஏழரையைத்தான் பிள்ளை முன்னுக்குப் பின் மாற்றிச் சொல்கிறது என்று சிரித்துக்கொண்டேன். நம் ஊரில் ஏழரை அவ்வளவு நல்ல சொல் இல்லை, ‘ஏழரையைக் கூட்டாதே’ என்று திட்டத்தான் உதவும். அவள் வாயிலிருந்து வந்ததால் அதுவும் இனித்தது. அந்த நேரத்துக்கு இருட்டிவிடுமே என்று தோட்டத்துக் காவல்காரர் காசிராஜனிடம் பெரிய பேட்டரி லைட்டைக் கேட்டு வாங்கி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு, சவரம் செய்து, அனுசியா அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டு மறுபடி ஜீப்பை எடுத்தேன்.

“என்ன மாப்ளே, பொண்ணு பாக்கவா?” என்றாள் கடைசியாக இறங்கிப்போன பொன்னுமணி.

“ஜெர்மனிக்காரப் பிள்ளைக என்னைப் பாக்கப் போகுதுக அத்தே.”

மலைப்பாதையில் பாதி வளைவுகளில் போன் வேலை செய்யாது. தோட்டத்தை அடைந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. மேட்டை ஒட்டிக் காய் பிடித்த செடி ஒன்றைத் தேடிப் பிடித்து, அடியில் கிடந்த சருகை ஒதுக்கி, லைட்டைச் சாய்த்து வைத்தேன். பிறகு சிக்னலுக்காக மேட்டில் ஏறியதும், நான் எடுக்காமல் விட்ட அழைப்புகள் எல்லாம் போனில் வரிசையாக வந்து விழுந்தன.

“எங்கங்க போனீங்க?” என்றாள் அனுசியா, நான் திருப்பிக் கூப்பிட்டதும். “பிள்ளை எல்லாருக்கும் முன்னாடி போனைப் பிடிச்சுக்கிட்டே நின்னா. கடைசில ஒண்ணும் பேசாம வந்து உக்காந்துட்டா.”

“இன்னும் ஏழரை ஆகலயே.”

“நான் அரை ஏழுன்னுதானே சொன்னேன்” என்று பின்னால் மகளின் அழுகை கேட்டது.

அனுசியாதான் விளக்கினாள். “இங்க அப்பிடித்தாங்க மணி சொல்லிக் குடுக்குறாங்க. ஏழை நோக்கிப் பாதி வந்தாச்சுன்னு கணக்கு. நமக்கு அது ஆறரை. எனக்கே இப்ப அப்பிடித்தான் வருது. அவ சொன்னப்ப தப்பாத் தெரியல.”

எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் கோபம் வந்தது. அதில் நியாயமில்லை என்றும் தெரிந்தது. என் மகளுக்கு மணி பார்க்க யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது நானாக இருந்திருக்க வேண்டும்.

“ஆத்தா, இப்பக் காட்டவா?”

“எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்கப்பா.”

ஆனாலும், மேட்டிலிருந்து போனைக் கீழே நீட்டியபோது பார்த்தாள். லைட் வெளிச்சத்தில் தரையோடு கிடந்த பச்சைக் காய்களைப் பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, நிறைய இருக்கிறது என்றாள்.

“என்கிட்டப் பேசுறப்ப மனசுக்குள்ள எந்தப் பாஷையில ஆத்தா நெனைக்கிற?”

உடனே பதில் வரவில்லை.

“முதல்ல இங்க உள்ளதுல. அப்புறம் உங்களுக்காக மாத்துவேன்.”

அவள் பேச்சுக்கு முன்னால் எப்போதுமே ஒரு சின்ன இடைவெளி விழும். இத்தனை வருஷமும் அதை சிக்னல் கோளாறு என்று நினைத்து, நான் மேடு தேடி ஏறிக்கொண்டிருந்திருக்கிறேன்.