நிஸா பார்த்த அடுப்பு

பெருநாள் காலை ஏழு மணிக்கு நஜ்முன் நிஸாவின் குசினியில் நெருப்பு கூரைவரை எழும்பியது. பெருநாள் இனிப்பான வட்டிலப்பம் வெந்துவிட்டதா என்று பார்க்கக் குனிந்தவள், அடுப்புக்குள்ளிருந்து ஒரு சீறல் வரவும் பின்னால் பாய்ந்தாள். அந்த ஒரு பாய்ச்சலில்தான் முகம் தப்பியது. தொழுகைக்குப் புறப்பட்டு நின்ற புருசன் அன்ஸார் புதுச் சாரத்தோடு ஓடிவந்து ஈரச் சாக்கை எறிந்தார், மணலை வாரிக் கொட்டினார். நெருப்பு அடங்கியபின் பார்த்தால், புத்தம் புது மண்ணெண்ணெய் பம்ப் அடுப்பில், எண்ணெய்த் தாங்கியும் மேலே போகும் குழாயும் சேரும் இடத்தில் ஈயம் உருகி வழிந்திருந்தது. எவனோ ஒரு படுபாவி ஈயத்தை வைத்து ஒட்டி, மேலே தங்கம்போல் பூசி, பெட்டியில் போட்டுக் கப்பலேற்றியிருக்கிறான்.

"அல்லாஹ்ட காவல், தப்பிட்டம்," என்றார் அன்ஸார். "இதக் கொண்டுபோய் அந்தக் கடைக்கார ஸஹாப்தீன்ட மூஞ்சில எறியணும்."

நிஸாவுக்கு அது காதில் விழவே இல்லை. அவள் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினான்கு வீடு. அவள் சொல்லை நம்பி இதே அடுப்பை வாங்கிய வீடுகள். பதின்மூன்று கிண்ணியாவில். ஒன்று தண்ணீருக்கு அக்கரையில், சீனக்குடாவில். அது அவளுடைய தங்கை ஜெமீலாவின் வீடு.

நஜ்முன் நிஸா யாரென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். எழுபத்தேழில் இறக்குமதியைத் திறந்துவிட்ட பிறகு கடைகளில் வெளிநாட்டுச் சாமான் வந்து குவிந்ததல்லவா, அப்போது கிண்ணியாப் பெண்கள் ஒரு வழக்கம் பழகிக்கொண்டார்கள். எதை வாங்க முன்னும், "நிஸா பார்த்தாவா?" என்று கேட்பார்கள். அலுமினியச் சட்டி வந்தால் அவள் புளியைக் கரைத்து ஊற்றி ஒரு நாள் வைத்துப் பார்ப்பாள். குடை வந்தால் கச்சான் காற்றில் துறையடியில் விரித்துப் பார்ப்பாள். அடுப்பென்றால் காலையில் மூட்டிப் பின்னேரம் அஸர் தொழுகைவரை அணைக்காமல் எரிய விடுவாள். கடைக்காரனிடம் ஒரு ஊசிகூட இனாம் வாங்கமாட்டாள். ஜெமீலாவுக்குப் பால் வற்றிப்போய்க் குழந்தை கத்தியபோது எந்தப் பால்மா என்று தேர்ந்து கொடுத்தவளும் அவள்தான். கெட்டிக்காரி. அந்தக் கெட்டித்தனம் கொஞ்சம் தலைக்கும் ஏறித்தான் இருந்தது, அதை மறைப்பானேன்.

ஸஹாப்தீன் முதலாளி அடுப்பைக் கொண்டுவந்து வைத்தது நோன்பு இருபதில். "பாத்துச் சொல்லுங்க தங்கச்சி. பாத்துட்டு நீங்களே வச்சுக்குங்க, பெருநாளைக்கு," என்றார். முதல் தடவையாக அவள் வேண்டாமென்று சொல்லவில்லை. அந்தத் தங்க நிறத்தில் மனம் போய்விட்டது. சரி, வாங்கியவள் வழக்கம்போல் பார்த்தாவது இருக்கலாமே! நோன்போடு பகல் முழுக்க அடுப்படியில் யார் குந்தியிருப்பது? நோன்பு திறக்க அரை மணி நேரம், விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம். ஒன்பது நாள் அப்படித்தான் எரிந்தது. நீலச் சுவாலை, கரியில்லை, மணமில்லை. "நல்ல அடுப்பு, நம்பி வாங்குங்க," என்று சொல்லிவிட்டாள். நோன்பு மாதத்தில் பார்த்த அடுப்பைப் பெருநாளன்று இரண்டு மணி நேரம் எரித்தால் என்னாகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. பெருநாளன்று எந்த வீட்டில்தான் வட்டிலப்பம் அவிக்காமல் விடுவார்கள்?

"பள்ளிவாசலுக்கு ஓடுங்க," என்று அன்ஸாரைப் பிடித்துத் தள்ளினாள். "ஸ்பீக்கர்ல சொல்லச் சொல்லுங்க. ஸஹாப்தீன்ட கடையில வாங்கின அடுப்ப ஒருத்தரும் எரிக்க வேணாமெண்டு. நிஸா சொன்னதெண்டு சொல்லச் சொல்லுங்க."

"ஜெமீலா?"

"அவக்கு ஸ்பீக்கர் கேக்குமா? நான் போறன்."

ஜெமீலா ஆறரைக்கு மூட்டுவதாகச் சொல்லியிருந்தாள். நிஸாவின் அடுப்பு தாங்கியது சரியாக இரண்டு மணி நேரம். எட்டரைக்குள் போய்ச் சேரவேண்டும். அந்த வீட்டில் இருப்பது ஒரே அறையும் ஒரு குசினியும். கச்சான் வெக்கைக்கு அறைக்குள் படுக்க ஏலாதென்று குழந்தையின் ஏணைத் தொட்டிலைக் குசினிக் கூரை வளையில்தான் கட்டியிருந்தாள். எண்ணெய் சீறினால் எவ்வளவு தூரம் போகுமென்பதை நிஸா இப்போதுதான் தன் கண்ணால் பார்த்திருந்தாள்.

துறையடிக்கு ஓடினாள். லொறியையும் பஸ்ஸையும் ஏற்றிக் கடக்கும் 'பாதை' என்ற மிதவை, ஆளில்லாமல் கரையில் கட்டிக் கிடந்தது. ஓட்டுகிறவர்களும் முஸ்லிம்கள்தானே, பெருநாள் தொழுகைக்குப் போய்விட்டார்கள். தக்பீர் சத்தம் பள்ளியிலிருந்து வந்துகொண்டே இருந்தது, நடுவில் அடுப்பை எரிக்க வேண்டாமென்ற அறிவிப்பும் கேட்டது. தொழுது, குத்பாப் பிரசங்கம் கேட்டு, கைகொடுத்துக் கட்டித் தழுவி அவர்கள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சற்றுத் தள்ளி ஒருவர் வள்ளத்தில் வலையை உதறிக்கொண்டிருந்தார். சல்லிக் கிராமத்திலிருந்து மீன்பிடிக்க வந்த யோகலிங்கம்.

"அண்ணன், அக்கரைக்குக் கொண்டுபோய் விடுங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கிறன்."

அவள் முகத்தைப் பார்த்தவர் ஒன்றும் கேட்காமல் வள்ளத்தைத் தள்ளினார். பாதித் தூரம் போனபின்தான் வாயைத் திறந்தார்.

"நீங்கள் சாமான் பாத்துச் சொல்லுற நிஸாவெல்லோ? என்ர மனுசி உங்கட கதையைக் கேட்டுத்தான் குடை வாங்கினவ. நிஸா சொன்னாக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமெண்டுவா."

நிஸா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுசரி, ஒரு பெற்றோல்மெக்ஸ் லாம்பு வாங்கவேணும். எது நல்லம்?"

"தெரியாது அண்ணன்," என்றாள். இந்த இரண்டு வருசத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை. அந்த வெயிலிலும் குளிர் பிடித்தவள்போல் வள்ளத்தின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். சீனக்குடாப் பக்கம் கறுப்பாக ஒரு புகை எழும்பிக்கொண்டிருந்தது. யா அல்லாஹ், ஜெமீலா இல்லை, குழந்தை இல்லை, இரண்டு பேரும் இல்லை என்று யாரோ வந்து சொல்லப்போகிறார்கள். வள்ளம் நகர்கிறதா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அக்கரையில் விறகு லொறி ஒன்றை மறித்து ஏறினாள். வழியில் புகையைக் கடந்தார்கள். யாரோ குப்பைக்கு நெருப்பு வைத்திருந்தார்கள். அப்போதும் பயம் குறையவில்லை. சாரதியின் கைக்கடிகாரம் எட்டு முப்பத்தைந்து காட்டியது. ரெயில்பாதை ஓரம் இறங்கி, செருப்பு கழன்றதையும் எடுக்காமல் ஓடினாள்.

ஒழுங்கைக்குள் திரும்பியதும் மண்ணெண்ணெய் மணந்தது. படலை திறந்து கிடந்தது. குழந்தையின் சத்தம் இல்லை. குசினி வாசலில் கரிந்த சாக்கொன்று கிடந்தது. "ஜெமீலா!" என்று கூப்பிட்டுக்கொண்டே சாக்கைத் தாண்டினாள்.

"ராத்தா!"

ஜெமீலா பின்பக்கமிருந்து வந்தாள். முழுசாக வந்தாள். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நிஸா ஓடிப்போய் இருவரையும் தடவினாள், கையைத் தடவினாள், காலைத் தடவினாள், குழந்தையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அப்படியே மண்ணில் குந்தி அழுதாள்.

ஜெமீலாவுக்கோ மூக்கு நுனியில் கோபம். "நல்லவேள வந்தீங்க. நீங்களே இந்தப் பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சொல்லுங்க! தாங்கி சுடுது, சுடுதெண்டு ஒரே சத்தம். அடுப்பெண்டாச் சுடாமக் குளிருமா? எங்கட ராத்தா பாத்த அடுப்பெண்டு எத்தின தரம் சொன்னன். கேக்கல்ல. என்னையும் புள்ளையையும் வெளிய தள்ளிப்போட்டு அணைச்சிட்டா. வட்டிலப்பமும் மண்ணாப் போச்சு. நல்ல நாளும் அதுவுமா!"

முருங்கை மரத்தடியில் பக்கத்து வீட்டுப் புஸ்பராணி இருந்தாள். வலது கையை ஒரு பேசின் தண்ணீருக்குள் விட்டிருந்தாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"குறை நினைக்காதேங்கோ அக்கா," என்றாள் அவள். "உங்களை எனக்குத் தெரியாது. நீங்கள் பாத்தது சரியாத்தான் இருக்கும். ஆனா நான் தாங்கியில கை வைச்சுப் பாத்தனான், வைக்க ஏலாமக் கிடந்தது. குழாயடியில எண்ணெயும் கசிஞ்சது. சாக்கைப் போட்டு அமத்தி, காத்துப் போனா அணையுமெண்டு காத்துத் திருகாணியத் திறந்துவிட்டன். அதிலதான் கை வெந்துபோச்சு."

நிஸா கண்ணைத் துடைத்தாள். நான் கண்டுபிடித்தேன், அதனால்தான் ஓடிவந்தேன் என்று சொன்னால் போதும். பொய்யும் இல்லை. ஊரே மெச்சும். அந்தக் கொப்புளத்தைப் பார்த்தாள். நாக்கு அதைச் சொல்ல மறுத்தது.

"நான் பாக்கல்ல, ஜெமீலா," என்றாள். "நோன்புக் களையில அர மணி நேரத்துக்கு மேல எரிச்சுப் பாக்கல்ல. ஸஹாப்தீன் முதலாளி சும்மா தந்தார், வாங்கினன், நல்லமெண்டு சொல்லிட்டன். இண்டைக்கு என்ட குசினியில அது வெடிச்சுப் பத்தினது."

ஜெமீலா முதலில் சிரிக்கப் பார்த்தாள். ராத்தாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. குசினி வளையில் தொங்கிய வெறும் ஏணையைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"பால்மா?" என்றாள் கடைசியில். "புள்ளைக்குக் குடுக்கிற பால்மாவ?"

"அது பாத்தன்! வல்லாஹி பாத்தன். தகரத்த உடைச்சு, மணந்து, மூண்டு நாள் நானே கரைச்சுக் குடிச்சுத்தான் சொன்னனான்."

அது உண்மை. ஒரு சொட்டுப் பொய்யில்லாத உண்மை.

ஜெமீலா தலையாட்டினாள். உள்ளே போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பால்மாத் தகரத்தோடு வெளியே வந்தவள், நிஸாவைக் கடந்து முருங்கை மரத்தடிக்குப் போனாள். மூடியைத் திறந்து புஸ்பராணியிடம் நீட்டினாள்.

"அக்கா," என்றாள், "இத ஒருக்கா மணந்து பாத்துச் சொல்லுங்க."