வரிக்கு மேலே ஒன்பது கமெண்ட்

...பக்கத்தில் எழுதினால் என்ன குடியா முழுகிவிடும், வரிக்கு மேலேதான் எழுத வேண்டுமாம், மூன்றாவது தடவையாகத் திருப்பி அனுப்பியிருக்கிறார் பூபாலன், டீம் லீடர் ஆகிவிட்டால் எதையாவது நொட்டை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் போல... ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிற கருவிக்கான புரோகிராம், அதில் மருந்தின் அளவு, வேகமெல்லாம் அடுக்கி வைக்கிற ஒரு டேட்டா ஸ்ட்ரக்சர், மொத்தமே ஒன்பது வரி, எந்த வரி எதற்கென்று ரேஷ்மா பக்கத்திலேயே கமெண்ட் போட்டிருந்தாள், படிக்கிறவனுக்குப் புரியாதா? புரிந்தால் யாருக்கு என்ன, கம்பெனி விதிமுறை அல்லவா பெரிது. மேலே ஏற்று என்றார், ஏற்றினாள். முதல் எழுத்து பெரிய எழுத்து என்றார், மாற்றினாள். இப்போது முற்றுப்புள்ளி. "இன்னாம்மா ரேஷ்மா, புள்ளி வெக்கறதுக்குக்கூட நான் வந்து சொல்லணுமா?" என்று அந்த அம்பத்தூர் ஆபீஸ் மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி... வைக்கிறேன் சார், ஒன்பதுக்கும் வைக்கிறேன், வேண்டுமானால் சந்தனமும் சேர்த்து வைக்கிறேன். மணி நாலே முக்கால். ஐந்துக்குள் அவர் ஓகே சொன்னால்தான் நிரந்தரமாகிறவர்கள் பட்டியலில் பெயர் ஏறும், இல்லையென்றால் பயிற்சிக்காலம் இன்னும் ஆறு மாதம், ஏற்கெனவே ஒரு தடவை நீட்டியாயிற்று, இன்னொரு தடவை என்றால் வேலையே இருக்குமோ என்னவோ, நெமிலிச்சேரிக்குப் போய் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது... அனுப்பினாள்.

இரண்டே நிமிடத்தில் பச்சை டிக் விழுந்தது. 'இப்ப பாரு, எவ்ளோ நீட்டா கீது' என்று கீழே ஒரு வரி வேறு. நீட்டாகத்தான் இருக்கிறது, யார் இல்லையென்றது... ஐந்தாவது வரியில் கண் நின்றது. அவசர வேகம், நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்கிறது கமெண்ட். இல்லையே, இது சாதாரண வேகமல்லவா, மணிக்கு இத்தனை மில்லி அல்லவா... ஆறாவதைப் பார்த்தாள், இதன் கமெண்ட் அங்கே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்திலிருந்து மேலே தூக்கியபோது இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. முதல் தடவை அனுப்பியதில் சரியாகத்தானே இருந்தது.

பக்கத்து மேசை பிரசன்னா நாற்காலியைத் திருப்பினான், கருவியின் திரையில் நர்ஸுக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை எழுதுகிறவன், கமெண்டைத் தவிர எதையும் படிக்காதவன். "ஓகே ஆயிடுச்சா? அப்ப கமெண்ட்ட பாத்து ஸ்கிரீன முடிச்சிக்கினு நான் கெளம்பறேன்."

"இரு பிரசன்னா" என்றாள்... சொன்னால் டிக் போகும், பட்டியல் போகும், மிச்சமிருக்கிற பத்து நிமிடத்தில் அந்த மனுஷன் ஐந்தாவது தடவை பார்ப்பாரா... பார்த்தால் மட்டும் என்ன, ஒரு வரியாவது படித்தாரா அந்த ஆள் என்று காலையிலிருந்து திட்டிக்கொண்டிருக்கிறாள், சரி, ஒன்பது புள்ளியையும் வைத்தவள் அவள்தானே, வைக்கும்போது அவளாவது படித்தாளா?