ஏழு நாள் நாடி

12.6.1979, செவ்வாய்.
இன்று தெரிந்த தப்பு: அம்மாவின் நாடியை ஏழு நாளும் கட்டைவிரலால் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலுக்குள்ளேயே ஒரு நாடி ஓடுகிறதாம். எழுதி வைத்த எண்களில் எது அம்மாவுடையது, எது என்னுடையது என்று இனிமேல் சொல்ல முடியாது. வகுப்பு முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.

இவ்வளவையும் எழுதிவிட்டு அஞ்சலாட்சி பேனாவை மூடினாள். கடைசி வரி எதற்கு என்று தோன்றியது. அடித்தல் கூடாது என்பது மதாமின் சட்டம் என்பதால் அப்படியே விட்டுவிட்டாள்.

ஒரு பள்ளிக்கூடத்தின் பின்கட்டில் செவ்வாயும் வெள்ளியும் மாலை ஆறிலிருந்து ஏழேகால் வரை நடக்கும் வகுப்பு அது. முதலுதவியும் நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் முறையும் சொல்லிக்கொடுத்தார்கள். நடத்தியவர் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். அவர் பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை; எல்லோருக்கும் அவர் மதாம். அன்றன்று செய்த பயிற்சியையும் அதில் நேர்ந்த தப்பையும் தேதி போட்டு எழுதி வரச் சொல்வார். தப்பு ஒன்றும் இல்லை என்று யாராவது எழுதி வந்தால், அப்படியானால் நேற்று நீ ஒன்றுமே செய்யவில்லை என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அஞ்சலாட்சிக்கு அந்தத் தொல்லை வந்ததே இல்லை. அவளுக்குத் தப்புகள் தாராளமாகக் கிடைத்தன.

பகலில் அவள் நேரு வீதியில் ஒரு தையல்கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தாள். போன செவ்வாய்க்கிழமை கல்யாணத் துணி வேலை நெருக்கியதால் வகுப்புக்கு அரைமணி தாமதமாக வந்தாள். அன்றைக்குத்தான் நாடி பார்க்கும் பாடம். பக்கத்து இருக்கை லட்சுமியின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டாள். 'மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணவும்' என்று லட்சுமி எழுதியிருந்தாள். எந்த விரல் என்று எழுதவில்லை. நாள் முழுவதும் துணியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தே பழகியவளுக்கு வேறு விரல் நினைவுக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை கட்டுப் போடும் பாடம். நாடிப் பேச்சே எழவில்லை.

இன்று மதாம் நோட்டைப் புரட்டினார். எழுபத்தாறு, நூறு, தொண்ணூற்றெட்டு, எழுபத்து நாலு, நூற்றிரண்டு என்று எண்கள் ஏறி இறங்குவதைப் பார்த்து, உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறார், மில்லில் நூல் சுற்றும் ரீலிங் வேலைக்குத் தினமும் போகிறார் என்றாள் அஞ்சலாட்சி. என் கையில் பார் என்று மதாம் மணிக்கட்டை நீட்டினார். அவள் கட்டைவிரலை வைத்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. நடு மூன்று விரல்களை வைக்க வேண்டும், கட்டைவிரல் கூடவே கூடாது என்று எல்லோருக்குமாக மறுபடி சொன்னார்.

"ஏழு நாளா உன்ன நீயே பாத்துக்கினு இருந்திருக்க. ஃபீஸாவது வாங்குனியா?" என்றாள் லட்சுமி.

வகுப்பே சிரித்தது. அஞ்சலாட்சியும் சிரித்தாள். அந்த எண்களை நம்பி அவள் என்ன முடிவு செய்து வைத்திருந்தாள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

வீட்டில், இரும்புப் பெட்டிக்குள் இரண்டு விண்ணப்பங்கள் இருந்தன. ஒன்று ஏ.என்.எம். படிப்புக்கு. ஒன்றரை வருஷம், முடித்தால் கிராமங்களில் பிரசவம் பார்க்கவும் ஊசி போடவும் வேலை. மற்றது ஜெனரல் நர்சிங். மூன்றரை வருஷம், ஹாஸ்டலில் தங்க வேண்டும், பாடமெல்லாம் இங்கிலீஷ். இரண்டுக்கும் கடைசி நாள் பதின்மூன்றாம் தேதி, நாளை. இரண்டுக்கும் எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் புத்தகத்தின் அசலை இணைத்தாக வேண்டும். அசல் ஒன்றுதான்.

அவளுடைய ஆசை எது என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா கோவிந்தசாமிக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்தபோது பன்னிரண்டு நாள் வார்டில் அவள் துணைக்கு இருந்தாள். காலை நர்ஸ் கிளம்பும்போது கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் அட்டையை எடுத்துக் காட்டி, மாலை நர்ஸிடம் ஒவ்வொரு நோயாளியையும் ஒப்படைப்பதைப் பார்த்தாள். முப்பது கட்டில், ஒன்றுகூட விட்டுப்போகாது. அந்த வரிசையில் ஒரு நாள் தானும் அட்டையோடு நிற்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது இன்னும் போகவில்லை.

ஆனால் ஆசைப்பட்டதற்காக ஒன்றைச் செய்யும் வழக்கம் அவளுக்கு இல்லை. நோட்டின் நடுப்பக்கத்தில் கோடு போட்டு இரண்டு படிப்புகளின் நல்லது கெட்டதை எழுதினாள். அம்மாவிடம் கேட்டாள். உன் இஷ்டம் என்றாள் அம்மா வேம்பு. உன் இஷ்டம் என்கிற பதில் எந்தப் பக்கத்தில் எழுத வேண்டியது என்று அஞ்சலாட்சிக்கு விளங்கவில்லை. வாயால் சொல்லாததைக் கை சொல்லும் என்று நினைத்தாள். மாலையில் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படிப்புப் பேச்சை எடுப்பாள், எண்ணுவாள், பேசியது எது என்பதையும் எண்ணுக்குப் பக்கத்தில் பொடியாகக் குறித்துக்கொள்வாள். ஒன்றரை வருஷம் என்றால் எழுபத்து நாலு, எழுபத்தாறு. மூன்றரை வருஷம், ஹாஸ்டல் என்றால் நூறுக்குப் போனது. அம்மாவுக்குப் பிரிவைத் தாங்க முடியாது, வாய்விட்டுச் சொல்லவும் மனசில்லை என்று முடிவு கட்டினாள். நேற்று ஏ.என்.எம். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை அதற்குள் செருகி வைத்துவிட்டாள்.

வகுப்பு விட்டு முதலியார்பேட்டைக்கு நடந்து வரும் வழியெல்லாம் அந்த ஏழு எண்களும் கூடவே வந்தன. ஒருவேளை பாதியாவது அம்மாவுடையதாக இருக்கலாம். கட்டைவிரல் என்றால் எல்லாமே தப்பாகத்தான் இருக்க வேண்டுமா என்ன. இப்படி நினைத்தவள், தனக்குச் சௌகரியமான பக்கமாகவே யோசிப்பதைக் கவனித்து நிறுத்திக்கொண்டாள்.

வேம்பு அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். முந்தானையில் மில்லுப் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது. அப்பா மாலை ஷிப்டுக்குப் போயிருந்தார். அஞ்சலாட்சி அப்பாவின் கைக்கடிகாரத்தை மாடத்திலிருந்து எடுத்து வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கைய குடும்மா."

"இன்னும் முடியலியா அந்தப் பாடம்?" என்று கேட்டபடி வேம்பு கையில் ஒட்டிய கத்தரிக்காய்த் தண்ணீரை உதறிவிட்டு இடது கையை நீட்டினாள்.

மூன்று விரல்களை வைத்தாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சம் தளர்த்தியதும் கிடைத்தது: நிதானமான, கனமான துடிப்பு. இந்தக் கைக்குள் இப்படி ஒன்று ஓடுவதை ஏழு நாளில் அவள் தொட்டதே இல்லை. ஒரு நிமிடம் எண்ணினாள். எழுபத்திரண்டு. பிறகு, வழக்கம்போல, மூன்றரை வருஷப் படிப்பைப் பற்றிப் பேசினாள். ஹாஸ்டல், மாதத்துக்கு ஒரு முறைதான் வீடு, இரவு டியூட்டி என்று எதையும் விடாமல் சொன்னாள். மறுபடி எண்ணினாள்.

எழுபத்திரண்டு.

அப்படியானால் நூறு யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. அவளுக்கு முகம் சுட்டது. மறைத்துப் பழக்கமில்லாததால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டைவிரலை, பொடி எழுத்துக் குறிப்பை, ஏ.என்.எம். விண்ணப்பத்துக்குள் வைத்த புத்தகத்தை.

வேம்பு கையை விடுவித்துக்கொண்டாள்.

"நீ போனா எனக்கு அழுவ வரும்டி. அது வேற. அதுக்காக ஒரு படிப்பையே மாத்துவியா? இஷ்டம்னு சொன்னா இஷ்டம்னுதான் அர்த்தம். என் கையப் புடிச்சி சோசியமா பாத்த?"

"ஊர்ல பேசுவாங்கன்னு உனக்கு இருக்குமோன்னு..."

"ஒன்றர வருசம் படிச்சாலும் பேசுவாங்க, மூன்றர வருசம் படிச்சாலும் பேசுவாங்க. மில்லுக்குப் போறப்ப என்னப் பேசல? நான் கேக்கறதுக்கு நீ சொல்லு. உனக்கு இன்னா பயம்?"

அஞ்சலாட்சி கடிகாரத்தின் வாரைத் திருகிக்கொண்டே, இங்கிலீஷ் என்றாள். பள்ளி இறுதித் தேர்வில் இங்கிலீஷில் தவறி அக்டோபரில்தான் தேறினாள். உடற்கூறுப் புத்தகம் இவ்வளவு பருமன் இருக்குமாம். முதல் வருஷமே தவறித் திரும்பி வந்தால் அதே கடையில் அதே காஜா. ஏ.என்.எம். என்றால் தமிழிலேயே படிக்கலாம், அதுவும் நல்ல வேலைதான்.

"நல்ல வேலதான். யாரு இல்லன்னா? அதுல ஆசையிருந்தா அதுக்கே போ." வேம்பு கத்தியைக் கீழே வைத்தாள். "அக்டோபர்ல மறுபடி எழுதுன இல்ல? அப்ப இன்னா பண்ண?"

"படிச்சேன்."

"அதான்."

பிறகு வேம்பு மகளின் கையை இழுத்து மணிக்கட்டைப் பிடித்தாள், கட்டைவிரலாலேயே. அது கூடாது என்று அஞ்சலாட்சி சொல்லியும் விடவில்லை. இப்போது சொல்லு, மூன்றரை வருஷம் என்று சொல்லு என்றாள். அஞ்சலாட்சி சொன்னாள்.

"ஓடுதுடி, மில்லு மாதிரி," என்றாள் வேம்பு, ஒன்றுமே எண்ணாமல். "பயந்தா மட்டுந்தான் இப்படி ஓடுமா? உங்கப்பன் என்னப் பொண்ணு பாக்க வந்தப்பக்கூட ஓடுச்சி."

அஞ்சலாட்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மதாம் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாடி எவ்வளவு வேகம் என்று எண் சொல்லும். எதனால் என்று சொல்லாது. அவள் நோட்டை எடுத்து ஏழு நாள் குறிப்பையும் மேலிருந்து கீழே படித்தாள். இப்போது எண்களை விட்டுவிட்டுப் பொடி எழுத்தை மட்டும் பார்த்தாள். ஒன்றரை வருஷத்தைப் பற்றி இரண்டு நாள்தான் பேசியிருந்தாள். மற்ற ஐந்து நாளும் ஜெனரல் நர்சிங். அம்மாவைச் சோதிப்பதற்காக என்றுதான் அப்போது நினைத்தாள். சோதனை என்றால் இரண்டு படிப்புக்கும் பாதிப்பாதியாகப் பிரித்திருக்க வேண்டும். அவள்தான் எதையும் சரிபாதியாகக் கோடு போடுகிறவள் ஆயிற்றே.

பெட்டியைத் திறந்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை வெளியே எடுத்தாள். இங்கிலீஷ் மதிப்பெண் இருந்த பக்கத்தைத் திறந்து, அக்டோபர் என்று எழுதியிருந்ததை ஒரு தரம் பார்த்தாள். மூடினாள். மற்ற விண்ணப்பத்தை அடுப்படி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, கத்தரிக்காய்த் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்பத் தொடங்கினாள். சரியாகத்தான் செய்கிறோமா என்ற சந்தேகம் மூன்று இடத்தில் வந்தது. மூன்று இடத்திலும் பேனா நின்றது, பிறகு எழுதியது. அம்மா குழம்பைத் தாளித்து முடிப்பதற்குள் கையெழுத்துக்கு வந்துவிட்டாள்.

சாப்பிட்ட பிறகு நோட்டில் அன்றைய தேதிக்குக் கீழேயே எழுதினாள்:

அம்மாவின் நாடி, மூன்று விரலால்: 72. மறுபடி: 72.
நாளை: கடையில் அரை நாள் லீவு கேட்க வேண்டும். பத்து மணிக்குள் ஜெனரல் நர்சிங் விண்ணப்பத்தை எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தோடு நேரில் கொடுத்து ரசீது வாங்க வேண்டும்.